சூடம் ஏற்றுவதற்கு முன் மூக்கைக் கேளுங்கள்



கருத்தரங்கு மேடையில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "வீட்டிலேயே கார் பழுதுபார்ப்பது மிச்சமா, ஆபத்தா?" என்பது. மேடையில் நேரம் போதவில்லை. அங்கே சொன்னதையும், மணி அடித்து விட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறேன். நான் ஃபோர்மேன் அல்ல. பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு மைக் பிடித்துப் பிழைப்பு நடத்துகிறேன். இந்தத் தலைப்பில் பேச எனக்கிருக்கும் ஒரே தகுதி, அந்தத் தவற்றை நானும் என் தம்பியும் எங்கள் வீட்டு வாசலிலேயே செய்தோம் என்பதுதான்.

செமினியில் கார் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். தோட்டங்களாக இருந்த இடமெல்லாம் தாமான்களாகி விட்டன. வேலையோ காஜாங்கிலும் பாங்கியிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் காஜாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியது. நல்ல வசதிதான். ஆனால் அந்த நிலையத்துக்குப் போய்ச் சேரவே நமக்கு ஒரு வாகனம் வேண்டுமே! அதனால்தான் பழைய புரோட்டோன் வீராவும் பெரோடுவா கஞ்சிலும் இன்னும் பல வீட்டு வாசல்களில் நிற்கின்றன. வீரா 1993-இல் வந்தது, கஞ்சில் 1994-இல் வந்தது. இரண்டின் தயாரிப்பும் 2009-இல் நின்று விட்டது. அப்படியென்றால், ஓடிக்கொண்டிருப்பதிலேயே இளைய வண்டிக்கும் பதினைந்து வயது தாண்டி விட்டது. நம் நாட்டு வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் அத்தனை ஆண்டுகள் வெந்த ரப்பர் எப்படி இருக்கும் என்று சற்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்களுடையதும் வீராதான். சிக்னலில் நின்றால் உடம்பு உதறும். தம்பி காணொளிகளைப் பார்த்துவிட்டு, "இன்ஜெக்டர்ல அழுக்கு, அக்கா. கழட்டிக் கழுவுனா சரியாயிடும்" என்றான். பட்டறைக் கூலி மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. என் பங்கு டார்ச் லைட் பிடிப்பது. நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றினான், சுத்தம் செய்தான், மறுபடி பூட்டினான். சாவியைத் திருப்பினான். இரண்டாவது முயற்சியிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. தையல் இயந்திரம் போல ஒரே சீராக ஓடியது. இருவரும் கைதட்டிக்கொண்டோம்.

அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இருங்கடா, சுத்திப் போட்டுடுறேன்" என்று எலுமிச்சம்பழம், சூடம், தீப்பெட்டியோடு தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அப்பா பசாரிலிருந்து திரும்பினார். தோட்டத்தில் நீண்ட காலம் டிராக்டரும் லோரியும் ஓட்டியவர். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். காய்கறிப் பையைத் தரையில் வைத்தார்.

"இன்ஜினை நிறுத்து. சாவிய வெளிய எடுக்காத, ஸ்டேரிங் பூட்டிக்கும். நியூட்ரல்ல போட்டு வெளிய தள்ளு." பிறகு அம்மாவிடம், "தட்ட உள்ள கொண்டு போம்மா. தீப்பெட்டியத் தொடாத" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்தக் குரலை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. காரைத் தள்ளி வெளியே நிறுத்திய பிறகுதான் பார்த்தோம். போர்ச்சுத் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். மூன்றாவது இன்ஜெக்டரின் தலைப்பக்கத்திலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

இன்ஜின் நன்றாகத்தானே ஓடியது? நான் சொல்ல வந்த செய்தியே அதுதான். இன்ஜின் ஓடுவது வேறு, வேலை முடிவது வேறு. பெட்ரோல் போகும் பாதையில் கை வைத்தால், கடைசிச் சொட்டு வரை கசிவு இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டும்.

சொட்டுப் பெட்ரோல் என்ன செய்யும்?

நாம் பயப்பட வேண்டியது பெட்ரோலின் ஈரத்துக்கு மட்டுமல்ல, அதன் ஆவிக்கும்தான். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூட, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெட்ரோல் ஆவி விடும். நம் ஊரின் 32, 33 டிகிரி வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே பறந்து போகாது. தண்ணீர் போலத் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு கலந்தாலே தீப்பிடிக்கப் போதுமானது.

நம் வரிசை வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். மூன்று பக்கமும் சுவர், முன்னால் இரும்புக் கேட், பக்கத்தில் கால்வாய். போர்ச்சை ஒட்டியே வாசற்கதவு. உள்ளே சாமி விளக்கு, இன்னும் சற்று உள்ளே அடுப்பு. வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணிக் கரண்டியோடு வீட்டைச் சுற்றி வருகிறோம். வாகனத்தை விட்டு விடுகிறோமா? அதற்கும் காட்டுகிறோம். வண்டி சரியானால் சூடம் ஏற்றுவது நம் வழக்கம். வழக்கத்தில் தவறில்லை. ஆனால் பெட்ரோல் பாதையைப் பிரித்துப் பூட்டிய வண்டிக்கு முன்னால் நெருப்பைக் கொண்டு வரும் முதல் ஆள் பெரும்பாலும் நம்மைப் பெற்றவளாக இருக்கிறாள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

வெளியிலிருந்து நெருப்பு வரவேண்டும் என்றும் இல்லை. பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 250 முதல் 280 டிகிரி செல்சியஸ் சூட்டில் தானாகவே பற்றிக்கொள்ளக் கூடியது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாய், மேடேறும் வண்டியில் அதற்கும் மேல் சூடாகும். ஆல்டர்னேட்டரிலும், பழைய கார்களின் டிஸ்ட்ரிபியூட்டரிலும் பொறி பறப்பது இயல்பு.

வாடை வந்தால் முதலில் செய்ய வேண்டியது

எங்கே கசிகிறது என்று தேட வேண்டாம். முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். புகைபிடிப்பவர் இருந்தால் தூர அனுப்புங்கள். பிள்ளைகளை உள்ளே அல்ல, காற்றோட்டமான வெளி இடத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். கசிவு சிறிதாக இருந்து, தள்ள ஆளும் இருந்தால் காரை வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். பெட்ரோல் ஓடி வழிந்தால் காரை விட்டுவிட்டு விலகுங்கள், 999-க்கு அழையுங்கள்.

பலர் உடனே பேட்டரி வயரைக் கழற்றப் போவார்கள். வாடை கனமாக இருக்கும்போது அது கூடாது. வயரைப் பிரிக்கும் கணத்தில் பொறி பறக்கலாம். ஆவி கலைந்த பிறகே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். வயர் இழுத்துத் தொங்கவிடும் பல்பு விளக்கும் வேண்டாம். பல்பு கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீக்குச்சி.

தீப்பிடித்தே விட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். நெருப்பையும் தூக்கிக்கொண்டு கால்வாய் வழியே பக்கத்து வீட்டுக்குப் போகும். ஏ.பி.சி. வகைத் தூள் அணைப்பான் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது. போனட்டுக்குள் தீ என்றால் அதை முழுதாகத் திறக்காதீர்கள். காற்றுக் கிடைத்ததும் நெருப்பு முகத்துக்கு நேரே எழும்.

எங்கே தேடுவது?

பழுதுபார்த்த பிறகு வரும் கசிவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெரும்பாலும் நம் கை பட்ட இடத்திலேதான் இருக்கும். அப்பா தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, "எதையெல்லாம் கழட்டுன? ஒண்ணு விடாம சொல்லு" என்பதுதான்.

வண்டி ஆறும் வரை காத்திருந்தோம். பிறகு அப்பா இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்த்தார். முதல், இரண்டாவது, நான்காவது மூன்றும் இலேசாகச் சுழன்றன. மூன்றாவது மட்டும் அசையவில்லை. "ரிங்கு மாட்டிக்கிச்சு" என்றார்.

இதில் ஒரு சிறு பாடம் இருக்கிறது. இன்ஜெக்டரின் தலையில் ஓ-ரிங் என்னும் சிறு ரப்பர் வளையம் உண்டு. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் உலோகக் குழாயைப் பட்டறையில் ரெயில் என்பார்கள். அந்த ரெயிலின் ஓட்டைக்குள் இந்த வளையம் இறுக்கமாக உட்கார்ந்து, பக்கவாட்டில் அழுத்திப் பெட்ரோலைத் தடுக்கிறது. சரியாக உட்கார்ந்தால் இன்ஜெக்டர் கையால் திருகச் சுழலும். கோணலாக நுழைத்தால் வளையம் மடிந்து நசுங்கும், இன்ஜெக்டர் சிக்கிக்கொள்ளும். பெட்ரோல் அங்கே ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நிற்கிறது. காரின் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. அந்த அழுத்தத்துக்கு ஒரு தலைமுடி அளவு வழி போதும்.

தம்பி உடனே ஸ்பேனரை எடுத்து ரெயிலின் போல்ட்டை முறுக்கப் போனான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "முறுக்குனா நிக்கிறதுக்கு இது தண்ணி பைப்பு இல்ல, ஐயா. கழட்டு."

எவ்வளவு உண்மை! போல்ட் ரெயிலைப் பிடித்து வைக்கிறது. கசிவைத் தடுப்பது வளையம். கசிகிறதே என்று முறுக்கிக்கொண்டே போனால் மரை அறுந்து போகும், கசிவு மட்டும் நிற்காது.

கழற்றிப் பார்த்தோம். பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருந்தான். அது கறுத்து, தட்டையாகி, ஒரு பக்கம் வெட்டுப் பட்டிருந்தது. உதிரிப்பாகக் கடையில் சில வெள்ளி விலையுள்ள பொருள். அதை மிச்சம் பிடித்துத்தான் வீட்டைக் கொளுத்தப் பார்த்திருக்கிறோம்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் சிலரைக் கேட்டேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் சொன்னார்கள்.

ஒன்று, பழைய ஓ-ரிங். கழற்றினால் புதிது போட வேண்டும். போடும்போது சுத்தமான இன்ஜின் எண்ணெயை மெல்லத் தடவி, நேராக அழுத்த வேண்டும்.

இரண்டு, பழைய வாஷர். பெட்ரோல் குழாயைப் போல்ட்டால் இணைக்கும் இடங்களில் செம்பு அல்லது அலுமினிய வாஷர் இருக்கும். அது ஒரு முறை நசுங்கி இடத்தை அடைப்பதற்காகச் செய்யப்பட்டது. மறுமுறை அதே வேலையைச் செய்யும் என்று நம்ப முடியாது.

மூன்று, தவறான ரப்பர் குழாய். தண்ணீர்க் குழாயும் மீன் தொட்டிக் குழாயும் பெட்ரோலுக்கு ஆகாது. ஊறி மெத்தென்றாகும், பிறகு வெடிக்கும். பெட்ரோல் குழாயிலும் இரண்டு வகை உண்டு. கார்பரேட்டர் வண்டிக்கு உரியது குறைந்த அழுத்தத்துக்கானது. இன்ஜெக்டர் வண்டியின் அழுத்தக் குழாய்க்கு அதைப் போடக் கூடாது. கடையில் கேட்கும்போது "இன்ஜெக்ஷன் ஹோஸ்" என்று தெளிவாகக் கேளுங்கள்.

நான்கு, கிளிப்பை மிதமிஞ்சி முறுக்குவது. பல் வெட்டிய சாதாரண கிளிப் ரப்பரை அறுத்து விடும். விளிம்பு வழுவழுப்பாக இருக்கும் பெட்ரோல் கிளிப்பே சரியானது.

ஐந்து, சிலிக்கோன் பசையும் வெள்ளை டேப்பும். சாதாரண சிலிக்கோன் பசை பெட்ரோலில் ஊறிக் கழன்று விடும். டேப்பின் துணுக்கு பிய்ந்து போய் இன்ஜெக்டரை அடைக்கும். இரண்டும் குளியலறை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியவை.

ஆறு, குழாய் வேறொன்றில் உரசுவது. இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இதற்கு ஓர் உலகப் புகழ்பெற்ற சம்பவம் இருக்கிறது.

வானத்தில் நடந்த அதே தவறு

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24. ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானம் கனடாவின் டொரொண்டோவிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்குப் பறந்துகொண்டிருந்தது. விமானத்தில் 306 பேர். அதன் வலப்பக்க இன்ஜின் சில நாட்களுக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. வந்த இன்ஜின் சற்றுப் பழைய அமைப்பு. அதற்கு முழுதும் பொருந்தாத பாகங்களைப் பூட்டியதால், எரிபொருள் குழாயும் அதன் பக்கத்து ஹைட்ராலிக் குழாயும் இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று தொட்டன. இன்ஜின் ஓடியது. விமானம் பறந்தது. இன்ஜின் அதிர்வில் குழாய்கள் உரசின. அட்லாண்டிக் கடலின் மேல், நள்ளிரவுக்குப் பிறகு, எரிபொருள் குழாய் விரிசல் விட்டது.

ஒரு பக்கம் எரிபொருள் குறைவதாகக் கருவி காட்டியபோது, விமானிகள் அதைக் கசிவு என்று உடனே ஏற்கவில்லை. இரு பக்கமும் சமமாகட்டும் என்று மறுபக்கத் தொட்டியின் எரிபொருளையும் திறந்துவிட்டார்கள். அதுவும் கசிவின் வழியே போனது. இரண்டு இன்ஜின்களும் நின்றன. பிறகு ஏறக்குறைய 19 நிமிடம் இன்ஜினே இல்லாமல் மிதந்து வந்து, அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் தளத்தில் இறக்கினார்கள். சிலருக்குக் காயம், 306 பேரும் பிழைத்தார்கள்.

பயிற்சி பெற்ற தொழிலாளர்களும் பெரிய பட்டறையும் இருந்த இடத்திலேயே இது நடந்தது. அப்படியிருக்க, நம் போர்ச்சில் என்னவெல்லாம் நடக்கலாம்? இதில் நமக்கு இரண்டு பாடங்கள். பழுதுபார்த்த பாகத்தை மட்டுமல்ல, அதன் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். இரண்டாவது, வாடையோ முள்ளோ ஒன்றைச் சொன்னால், "அப்படி இருக்காது" என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லாதீர்கள்.

பூட்டிய பிறகு சோதிப்பது எப்படி?

புதிய வளையங்கள் நான்கையும் போட்டுப் பூட்டிய பிறகு, தம்பி நேரே இன்ஜினை ஓட்டப் போனான். அப்பா விடவில்லை. இன்ஜின் ஓடாமலே பெட்ரோலுக்கு அழுத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. பல கார்களில் சாவியை ஸ்டார்ட் வரை கொண்டு போகாமல் அதற்கு முந்தைய நிலையில் வைத்தால், பெட்ரோல் பம்பு ஓரிரு வினாடி ஓடி நிற்கும். மூன்று நான்கு முறை அப்படிச் செய்தால் அழுத்தம் ஏறிவிடும். எல்லாக் கார்களும் அப்படி இல்லை. அப்படி ஓடாத வண்டியில் பம்பைத் தனியே ஓட்டிப் பார்க்கும் வழி ஃபோர்மேனுக்குத் தெரியும்.

பிறகு வெள்ளைத் திசுத் தாளை ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் தாள் காட்டிக்கொடுக்கும். காய்ந்தால்தான் இன்ஜினை ஓட்டலாம். ஓட்டிச் சூடேறிய பிறகு ஒரு முறை, நிறுத்தி ஆறிய பிறகு ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை பாருங்கள். சூட்டில் விரிந்து அடைத்துக்கொண்டு, ஆறியதும் கசிவதும் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத கசிவும் இருக்கிறது. இன்ஜின் எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்து மோந்து பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால், பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது என்று பொருள். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தாலும் இப்படி ஆகும். அந்த நிலையில் இன்ஜினை ஓட்டவே கூடாது.

வேலை தொடங்குமுன் அழுத்தத்தை இறக்குவதும் முக்கியம். கசிவு இல்லாத வண்டியில் பம்பின் பியூஸையோ இணைப்பையோ கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுவார்கள். கசிகிற வண்டியில் அது கூடாது. ஆறவிட்டு, கண்ணாடி அணிந்து, இணைப்பைத் துணியால் சுற்றி மெல்லத் தளர்த்த வேண்டும். நனைந்த துணியைக் குப்பைத் தொட்டியில் திணிக்காதீர்கள். வெளியில் விரித்துக் காயவிடுங்கள். வடிந்த பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள்.

எதுவரை நாமே செய்யலாம்?

மேடையில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். "பட்டறைக்குப் போனா ஒண்ணுக்கு மூணு மாத்தச் சொல்றாங்க. சம்பளம் வாங்குற நாங்க என்னம்மா செய்யுறது?" அரங்கமே கைதட்டியது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வீட்டிலேயே செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் மாற்றுங்கள், காற்று ஃபில்டர் மாற்றுங்கள், பிளக் மாற்றுங்கள். பெட்ரோல் பாதை என்றால், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஒரு மணி நேரக் கூலி கொடுத்தாவது, பூட்டியதைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். புரோட்டோன் எக்ஸ்70 போன்ற இக்காலக் கார்களில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அத்தகைய இன்ஜின்களில் அழுத்தம் 3 பார் அல்ல. 100 பாரையும் தாண்டும். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கே கை வைப்பது நம் வேலை அல்ல.

எங்கள் வீரா அன்று மாலை சரியாயிற்று. ஆனால் அப்பா அன்றிரவு அதை போர்ச்சுக்குள் விடவில்லை. மறுநாள் காலை, அவர் பசியாறுவதற்கு முன்பே போனட்டைத் திறந்து, திசுத் தாளால் ஒற்றி, குனிந்து மோந்து பார்த்தார். பிறகுதான் உள்ளே திரும்பி, "இப்ப எடுத்துட்டு வாம்மா" என்றார்.

அம்மா சூடத் தட்டோடு வந்தார். இம்முறை தம்பியே காரைக் கேட்டுக்கு வெளியே எடுத்து நிறுத்தினான். அம்மா சற்றுத் தள்ளி நின்றே சுற்றிப் போட்டார்.

வீட்டில் யாராவது கார் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை வெட்டி அவர் கருவிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.